இரவுப் பசியின் வேர் பகலில் இருக்கிறது

மாலை ஆறு மணிக்கு மேல் கோவை பீளமேட்டின் அவிநாசி சாலையோரப் பேக்கரிகளில் நிற்க இடம் இருக்காது. ஹோப் காலேஜ் நிறுத்தம் தொடங்கி லட்சுமி மில்ஸ் வரை கண்ணாடி அலமாரிகளுக்குள் தேங்காய் பன், ஹனி கேக், முட்டை பப்ஸ் என்று அடுக்கியிருப்பார்கள். சந்து முனைகளில் தள்ளுவண்டிக் காளான் கொதிக்கும். பெயர் காளான் என்றாலும், முட்டைக்கோஸையும் மைதாவையும் பிசைந்து பொரித்து, மசாலாவில் போட்டு மசித்து, மேலே வெங்காயமும் மல்லித்தழையும் தூவித் தருவார்கள். வாங்கிச் சாப்பிடுகிறவர்களில் கணிசமானோர் இளம்பெண்கள்: கல்லூரி மாணவிகள், மருத்துவமனைச் செவிலியர்கள், டைடல் பூங்காவில் வேலை முடித்து வருகிறவர்கள்.

பஞ்சாலைச் சங்கு ஒலித்த பீளமேடு இன்று விடுதிகளின் ஊர். பூ.சா.கோ. கலை அறிவியல் கல்லூரி 1947-லும், பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரி 1951-லும், கிருஷ்ணம்மாள் பெண்கள் கல்லூரி 1963-லும், பூ.சா.கோ. மருத்துவக் கல்லூரி 1985-லும் தொடங்கின. ஈரோடு, கரூர், தாராபுரம், பொள்ளாச்சி, ஊட்டி என்று பல திசைகளிலிருந்தும் பெண்கள் இங்கே வந்து தங்கிப் படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள். பதினெட்டு வயது வரை அம்மா போட்டதைச் சாப்பிட்ட பெண், எதை, எப்போது, எவ்வளவு சாப்பிடுவது என்று முதன்முறையாகத் தானே முடிவு செய்வது இங்கேதான். தேர்வு, மதிப்பெண், வளாக நேர்காணல், வீட்டு ஏக்கம், நட்பில் விரிசல் எல்லாம் அவளை வந்து சேர்வதும் அதே ஆண்டுகளில்தான்.

மனம் சரியில்லாத இரவுகளில் வயிற்றில் பசி இல்லாமலேயே ஒரு பாக்கெட் சிப்ஸ் முழுதும் தீர்ந்துபோவதையும், அதன்பின் குற்ற உணர்ச்சி வந்து உட்கார்ந்துகொள்வதையும் இந்த வயதுப் பெண்கள் நன்றாக அறிவார்கள். இதை உணர்ச்சிவழி உண்ணுதல் என்கிறது உளவியல். "நாக்கைக் கட்டத் தெரியல" என்று வீட்டில் சொல்வார்கள். அந்தப் பெண்ணும் தன்னைப் பற்றி அப்படியே நம்பிவிடுகிறாள். ஆனால் கடந்த பல பத்தாண்டுகளின் ஆய்வுகள் வேறொரு கதையைச் சொல்கின்றன. இரவில் தோன்றும் அந்த வேகத்தில் பெரும்பங்கு பகலிலேயே உருவாகிவிடுகிறது. காலையில் விட்ட உணவு, மதியத் தட்டில் இல்லாத புரதம், முந்தைய இரவில் தொலைந்த தூக்கம், உடம்பைப் பற்றி யாரோ சொன்ன ஒரு சொல் எல்லாம் சேர்ந்துதான் அந்த இரவுப் பசியைச் சமைக்கின்றன.

மூன்று வகைச் சாப்பாடு

உணர்ச்சிக்கும் உணவுக்கும் உள்ள தொடர்பை முதலில் தீவிரமாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் ஹில்டே புரூக். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் பணிபுரிந்த மனநல மருத்துவர். குழந்தை எதற்காக அழுதாலும் வாயில் உணவையே வைத்தால், பசி எது, பயம் எது, சலிப்பு எது என்று பிரித்தறியும் பழக்கம் அதற்குச் சரியாக உருவாகாமல் போகலாம் என்று அவர் கருதினார். வளர்ந்த பிறகு எந்தச் சங்கடமும் பசியாகவே தோன்றும் என்பது அவர் கருத்து.

1986-ல் நெதர்லாந்து உளவியலாளர் தத்யானா வான் ஸ்ட்ரியனும் அவரது குழுவினரும் 33 கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தாளை வெளியிட்டார்கள். உலகம் முழுக்க இன்றும் பயன்படும் அந்த வினாத்தாள் உண்ணும் பழக்கத்தை மூன்றாகப் பிரிக்கிறது. கவலை, கோபம், தனிமை, சலிப்பு வரும்போது சாப்பிடத் தோன்றுவது ஒன்று. பேக்கரி வாசனையும் நண்பர்கள் சாப்பிடும் காட்சியும் தூண்டிச் சாப்பிடுவது இரண்டாவது. எடை கூடிவிடுமே என்று வேண்டுமென்றே குறைத்துச் சாப்பிடுவது மூன்றாவது.

தாளில் தனித்தனியாக நிற்கும் இந்த மூன்றும் வாழ்க்கையில் ஒரே பெண்ணிடம் ஒரே நாளில் வரிசையாக வரக்கூடியவை. காலையில் எடைக்குப் பயந்து டிபனை விடுகிறாள். மாலையில் பேக்கரி வாசனைக்கு இழுபடுகிறாள். இரவில் படிப்புக் கவலையில் சாப்பிடுகிறாள். மறுநாள் காலை மறுபடியும் டிபனை விடுகிறாள்.

மன அழுத்தம் வந்தால் உடலில் நடப்பது

திடீர் அதிர்ச்சி வரும்போது பசி அடங்கிவிடும். தேர்வு அறைக்குள் நுழைகிற நேரத்தில் யாருக்கும் சாப்பிடத் தோன்றுவதில்லை. மூளையின் ஹைப்போதலாமஸ் சுரக்கும் ஒரு ஹார்மோனும் அட்ரினலினும் அந்த நேரத்தில் பசியை ஒதுக்கி வைக்கின்றன. ஆனால் அழுத்தம் மணிக்கணக்கில், நாள்கணக்கில் நீளும்போது கார்டிசால் என்ற ஹார்மோன் மேலோங்குகிறது. செலவான ஆற்றலை மீட்டெடு என்று உடலைத் தூண்டுவது அதன் வேலைகளில் ஒன்று. அதனால் பசி கூடுகிறது. அதிலும் இனிப்பும் கொழுப்பும் கொண்ட உணவின் மீது நாட்டம் கூடுகிறது.

எல்லோருக்கும் இது ஒரே அளவில் நடப்பதில்லை. அமெரிக்காவில் எலிசா எப்பெல் குழுவினர் 2001-ல் வெளியிட்ட ஆய்வில், மாதவிடாய் நிற்காத வயதிலுள்ள 59 பெண்களுக்கு ஒரு நாள் அழுத்தம் தரும் பணிகளையும் இன்னொரு நாள் சாதாரணப் பணிகளையும் கொடுத்தார்கள். அழுத்தத்தின்போது கார்டிசால் அதிகம் சுரந்த பெண்கள், அந்த நாளில் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். குறைவாகச் சுரந்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. ஆக, ஒரே அறையில் தங்கியிருக்கும் இரண்டு மாணவிகளில் ஒருத்தி தேர்வு நேரத்தில் இளைப்பதற்கும் இன்னொருத்தி எடை கூடுவதற்கும் உடலின் இயல்பும் ஒரு காரணம். ஒழுக்கத்தை வைத்து இருவரையும் ஒப்பிடுவது நியாயமில்லை.

லண்டனில் ஆலிவர், வார்டில், கிப்சன் மூவரும் 2000-ல் வெளியிட்ட சோதனையும் இதையே சொன்னது. பங்கேற்றவர்களில் ஒரு பகுதியினரிடம், சாப்பிட்ட பிறகு மேடைப் பேச்சு நிகழ்த்த வேண்டும் என்று சொல்லிப் பதற்றத்தை உண்டாக்கினார்கள். மொத்தத்தில் பார்த்தால் உணவின் அளவு மாறவில்லை. ஆனால் உணர்ச்சிவழி உண்ணும் பழக்கம் உள்ளவர்கள் மட்டும் பதற்றத்தில் இனிப்பும் கொழுப்பும் நிறைந்தவற்றைக் கூடுதலாக எடுத்துக்கொண்டார்கள்.

இனிப்பும் கொழுப்பும் ஏன்? அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் மேரி டால்மன், எலிகளை வைத்து நடத்திய ஆய்வுகளின் அடிப்படையில் 2003-ல் ஒரு விளக்கம் தந்தார். தொடர் அழுத்தத்திலுள்ள எலிகளுக்குச் சர்க்கரையும் கொழுப்பும் கிடைத்தால், அவற்றின் உடலில் அழுத்த ஹார்மோன்களின் ஓட்டம் தணிகிறது. அந்த நிம்மதியை மூளை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை அழுத்தம் வந்ததும் அதே உணவைக் கேட்கிறது. 2018-ல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். கொழுப்பு மட்டும் உள்ள உணவையும் மாவுச்சத்து மட்டும் உள்ள உணவையும்விட, இரண்டும் சேர்ந்த உணவுக்கு மூளையின் வெகுமதிப் பகுதிகள் அதிகமாகத் துலங்குகின்றன. இயற்கையில் இப்படிச் சேர்ந்து கிடைப்பது அரிது. பப்ஸ், கேக், சிப்ஸ், பரோட்டா எல்லாமே இந்தச் சேர்க்கைதான்.

அந்த உணவு உண்மையில் மனதைத் தேற்றுகிறதா என்பதையும் சோதித்திருக்கிறார்கள். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் டிரேசி மான் உள்ளிட்டோர் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், சோகமான படக்காட்சிகளைக் காட்டிவிட்டு, சிலருக்கு அவர்கள் மிகவும் விரும்பும் ஆறுதல் உணவைத் தந்தார்கள். சிலருக்கு வேறு உணவு தந்தார்கள். சிலருக்கு எதுவும் தரவில்லை. சிறிது நேரத்தில் எல்லோருடைய மனநிலையும் தேறியது, ஏறக்குறைய ஒரே அளவில். நேரம் ஆற்றிய புண்ணுக்குக் கேக் பெயர் வாங்கிக்கொள்கிறது. இதை ஒரு பெண் அறிந்துகொண்டாலே, அடுத்த முறை அந்த ஆசை வரும்போது சற்றுப் பொறுத்துப் பார்க்கத் துணிவு வரும்.

பட்டினி கிடப்பது ஏன் எதிராகத் திரும்புகிறது

விடுமுறைக்கு ஊருக்குப் போகிற பெண்ணை வாசலிலேயே வரவேற்கும் சொற்களைக் கொங்கு நாட்டில் எல்லோரும் கேட்டிருப்பார்கள். "ஏங்கண்ணு, போன தடவைக்கு இப்ப ஒரு சுத்துப் பெருத்துட்டியே." கல்யாணப் பேச்சு தொடங்கியிருந்தால் இது இன்னும் கூர்மையாக வரும். சொல்கிறவருக்கு அது பாசம். கேட்கிற பெண் அன்றிரவே சாப்பாட்டைக் குறைக்க முடிவெடுக்கிறாள். மறுவாரம் விடுதிக்குத் திரும்பியதும் காலை டிபன் நின்றுபோகிறது.

உணவைக் கடுமையாகக் குறைத்தால் மனதுக்கு என்ன ஆகும் என்பதைக் காட்டிய பெரிய சோதனை 1944-45-ல் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் தலைமையில் நடந்தது. இரண்டாம் உலகப் போரால் பட்டினி கிடந்த மக்களுக்கு எப்படி மறுவாழ்வு தருவது என்று அறிய, நல்ல உடல்நலமுள்ள 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். ஆறு மாதம் அவர்களுக்கு வழக்கமான உணவில் ஏறக்குறைய பாதியே தரப்பட்டது. அவர்கள் எரிச்சலும் சோர்வும் அடைந்தார்கள். நாள் முழுக்க உணவைப் பற்றியே பேசினார்கள். சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள். மறுபடி வயிறார உணவு கிடைத்தபோது சிலரால் நிறுத்தவே முடியவில்லை. வயிறு நிரம்பிய பிறகும் பசிப்பதாகச் சொன்னார்கள். இந்த இளைஞர்கள் மன உறுதி குறைந்தவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. பசித்த உடல் மனதை எப்படி ஆட்டுவிக்கும் என்பதற்கு அவர்கள் சாட்சி.

1975-ல் பீட்டர் ஹெர்மனும் டெபோரா மேக்கும் கல்லூரி மாணவிகளிடம் நடத்திய சோதனை இன்னும் நெருக்கமானது. முதலில் சிலருக்கு மில்க் ஷேக் கொடுத்தார்கள். பிறகு ருசி பார்ப்பதற்காக என்று சொல்லி ஐஸ்கிரீமைத் தாராளமாக வைத்தார்கள். இயல்பாகச் சாப்பிடும் மாணவிகள், மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எடைக்குப் பயந்து எப்போதும் கட்டுப்பாட்டோடு இருக்கும் மாணவிகளோ, மில்க் ஷேக் குடித்திருந்தால், அதைக் குடிக்காதவர்களைவிடக் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். விரதம் கலைந்துவிட்டது, இனி எவ்வளவு சாப்பிட்டால் என்ன என்ற மனநிலை அது. "ஒரு பப்ஸ் சாப்பிட்டாச்சு, இன்னைக்கு டயட் போச்சு" என்று சொல்லிக்கொண்டு அடுத்த பாக்கெட்டைப் பிரிக்கும் பெண்ணிடம் நடப்பதும் இதுவே. கட்டுப்பாடு இறுக இறுக, அது அறுந்துபோகும்போது விழும் பள்ளமும் ஆழமாகிறது.

காலைத் தட்டும் முந்தைய இரவும்

அமெரிக்காவின் மிசௌரியில் ஹெதர் லைடி குழுவினர் 2013-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே கவனிக்க வேண்டியது. காலை உணவை வழக்கமாகத் தவிர்க்கும், எடை சற்றுக் கூடிய, 18 முதல் 20 வயதுப் பெண்கள் 20 பேர் பங்கேற்றார்கள். ஒரு வாரம் அவர்கள் வழக்கம்போல் காலையில் சாப்பிடவில்லை. ஒரு வாரம் சாதாரணக் காலை உணவும், இன்னொரு வாரம் 35 கிராம் புரதம் கொண்ட காலை உணவும் சாப்பிட்டார்கள். புரதம் நிறைந்த காலை உணவு சாப்பிட்ட வாரத்தில் உணவின் மீதான மூளையின் வேட்கைத் துலங்கல் குறைந்தது. மாலை, இரவு நேரத்தில் கொழுப்பு நிறைந்த நொறுக்குத் தீனியும் குறைந்தது. ஆய்வு சிறியதுதான். ஆனாலும் இரவுப் பசிக்குக் காலையில் பதில் சொல்ல முடியும் என்பதைத் தெளிவாகக் காட்டியது.

நம் ஊர்க் கணக்கைப் பார்ப்போம். 55 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 46 கிராம் புரதம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் (ஐ.சி.எம்.ஆர்.) 2020 பரிந்துரை. இரண்டு இட்லியில் கிடைப்பது நான்கு கிராம் அளவுதான். மெஸ் சாம்பாரில் பருப்பு அடியில் தங்கிவிடுகிறது. மதியம் சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் என்றால் மாவுச்சத்து மேல் மாவுச்சத்து. 2025-ல் வெளியான இந்திய அளவிலான ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் ஆய்வின்படி, இந்தியர்கள் பெறும் ஆற்றலில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. புரதத்தின் பங்கு 12 சதவீதம் மட்டுமே. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட வழிகாட்டுதலோ, தானியங்களின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. புரதமும் நாரும் குறைந்த தட்டு சீக்கிரம் செரித்துவிடும். நான்கு மணிக்கே வயிறு கேட்கத் தொடங்கும். அந்த நேரத்தில் கையருகே இருப்பது பேக்கரி.

அடுத்து தூக்கம். சிகாகோவில் 2004-ல் நடந்த ஆய்வில், நல்ல உடல்நலமுள்ள 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டுமே தூங்க விட்டார்கள். வயிறு நிறைந்ததைச் சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது. பசியைச் சொல்லும் கிரெலின் 28 சதவீதம் கூடியது. பெர்க்லியில் 2013-ல் வெளியான ஆய்வு, ஓரிரவு தூங்காதவர்களின் மூளையில் முடிவெடுக்கும் முன்பகுதி மந்தமாவதையும், உணர்ச்சியோடு தொடர்புள்ள அமிக்டலா பகுதி உணவுப் படங்களுக்குக் கூடுதலாகத் துலங்குவதையும் கண்டது. தேர்வுக்கு முந்தைய இரவு முழுக்க விழித்திருக்கும் மாணவிக்கும், இரவுப் பணி பார்க்கும் செவிலியருக்கும், ஷிப்ட் மாறி மாறி ஓடும் நூற்பாலைப் பெண்ணுக்கும் இது பொருந்தும்.

பெண் உடலுக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கெல்லி கிளம்ப் குழுவினர் பெண்களை நாள்தோறும் தொடர்ந்து கவனித்ததில், கருமுட்டை வெளியான பிறகு மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் உணர்ச்சிவழி உண்ணுதல் கூடுவது தெரிந்தது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்டிரோன் அளவுகளோடு அது இணைந்து மாறுகிறது. அந்த நாள்களில் கூடுதலாகப் பசிப்பது உடலின் இயல்பு. அதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

தரமான உணவை எப்படி அளப்பது

கலோரி எண்ணுவது மட்டும் உணவின் தரத்தைச் சொல்லாது. 15 முதல் 49 வயதுப் பெண்களுக்காக ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2016-ல் ஓர் எளிய அளவுகோலை வெளியிட்டது. உணவுகளைப் பத்து வகையாகப் பிரித்தார்கள்: தானியமும் கிழங்கும், பருப்பும் பயறும், கடலை எள் போன்ற கொட்டையும் விதையும், பாலும் தயிரும், இறைச்சியும் மீனும், முட்டை, கீரை, கேரட் பப்பாளி மாம்பழம் போல வைட்டமின் ஏ நிறைந்தவை, மற்ற காய்கள், மற்ற பழங்கள். நேற்றுப் பகலும் இரவும் இவற்றில் ஐந்து வகையாவது சாப்பிட்டிருக்க வேண்டும். சமூகம் முழுவதையும் மதிப்பிட உருவாக்கியது என்றாலும், நம் தட்டை நாமே ஒருமுறை பார்த்துக்கொள்ளவும் இது உதவும்.

காலையில் டீயும் பிஸ்கட்டும், மதியம் சாதமும் தண்ணீர்ச் சாம்பாரும் உருளைக்கிழங்கும், மாலையில் பப்ஸ், இரவில் பரோட்டா என்று ஒரு நாள் போனால், வயிறு நான்கு முறை நிறைந்திருக்கும். வகையோ இரண்டு, மூன்றுதான். ஏனெனில் அரிசி, மைதா, உருளைக்கிழங்கு மூன்றும் ஒரே வகையில் அடங்கிவிடும்.

இந்தக் குறைபாடு மாநிலம் முழுக்கத் தெரிகிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதத்தினர் அதிக எடை அல்லது உடற்பருமன் உள்ளவர்கள். அதற்கு முந்தைய ஆய்வில் இது 30.9 சதவீதம். அதே ஆய்வில் 53.4 சதவீதப் பெண்களுக்கு ரத்தசோகை இருந்தது. கூடுதலான ஆற்றலும் குறைவான சத்தும் ஒரே மாநிலத்தில், பல நேரம் ஒரே உடலில் சேர்ந்திருக்கின்றன. ரத்தசோகை உள்ள பெண்ணுக்குச் சீக்கிரம் களைப்பு வரும், கவனம் சிதறும். அந்தக் களைப்புக்கு அவள் தேடுவது சர்க்கரை போட்ட டீயும் இனிப்பும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதிலுள்ள டானின்கள் இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கின்றன. ரத்தசோகை தீராமல் நீள்கிறது.

தொழிற்சாலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவுகள் இன்னொரு வழியில் இழுக்கின்றன. அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 2019-ல் வெளியிட்ட ஆய்வில் 20 பேருக்கு இரண்டு வாரம் அத்தகைய உணவும், இரண்டு வாரம் வீட்டுச் சமையல் போன்ற உணவும் தரப்பட்டன. வைக்கப்பட்ட உணவின் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார் எல்லாம் இரண்டிலும் சமம். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்றபோது, பதப்படுத்திய உணவில் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது.

உணவு சரியானால் மனம் தேறுமா? ஆஸ்திரேலியாவில் பெலிஸ் ஜாக்கா நடத்தி 2017-ல் வெளியிட்ட சோதனையில், மனச்சோர்வு நோயுள்ள 67 பேர் பங்கேற்றார்கள். ஒரு பகுதியினருக்கு 12 வாரம் உணவு ஆலோசனையும், மற்றவர்களுக்கு ஆறுதலான உரையாடலும் கிடைத்தன. காய், பழம், பயறு, கொட்டை, மீன் என்று உணவை மாற்றிய பிரிவில் 32 சதவீதத்தினர் நோயிலிருந்து மீண்டார்கள். மற்றதில் 8 சதவீதம். சிறிய ஆய்வு என்பதாலும், யார் எந்தப் பிரிவு என்று பங்கேற்றவர்களுக்கே தெரியும் என்பதாலும் இதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. மருந்துக்கு மாற்றாகவும் கொள்ளக் கூடாது. ஆனால் மனம் உணவைப் பாதிப்பதுபோல உணவும் மனதைப் பாதிக்கிறது என்று எண்ண வலுவான இடம் இருக்கிறது.

கொங்கு அடுப்படியில் இருக்கும் பதில்

இதற்குத் தேவையான பொருள்கள் கொங்கு நாட்டுக்குப் புதியவை அல்ல. கொள்ளில் நூறு கிராமுக்குச் சுமார் 22 கிராம் புரதம், நிலக்கடலையில் 24 கிராம் அளவு. கம்பில் 11 கிராம் புரதமும் 6.4 மில்லிகிராம் இரும்பும் உள்ளன. தீட்டிய அரிசியில் இரும்பு ஒரு மில்லிகிராம்கூட இல்லை. ராகியில் சுண்ணாம்புச்சத்து 364 மில்லிகிராம். அரிசியும் பருப்பும் சேர்த்துச் செய்யும் சாதம், கொள்ளுக் கடைசல், தட்டைப்பயறுக் குழம்பு, கம்மங்கூழ், அவித்த கடலைக்காய், எள்ளுருண்டை எல்லாம் இந்த மண்ணின் அன்றாடச் சாப்பாடு. அரிசியும் பருப்பும் சாதத்தோடு முருங்கைக்கீரைப் பொரியலும் தயிரும், மாலையில் ஒரு கைப்பிடி கடலையும் ஒரு கொய்யாவும் சேர்த்தால் பத்தில் ஆறு வகை வந்துவிடும். கொய்யாவிலுள்ள வைட்டமின் சி, தானியத்திலும் பயறிலும் உள்ள இரும்பை உடல் ஏற்க உதவும். அதைச் சாப்பாட்டோடு சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.

பழைய காலம் முழுதும் நல்லதாக இருந்தது என்று சொல்வதற்கில்லை. அந்தக் காலத்துப் பெண்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிட்டார்கள். பஞ்ச காலங்களில் அதுவும் இல்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் பொருள்களை, அந்த வரிசையை அல்ல.

ஊட்டச்சத்துக் கல்வியிலும் கோவை முன்னோடி நகரம். தி. சு. அவினாசிலிங்கம் 1957-ல் தொடங்கிய மனையியல் கல்லூரி இன்று பல்கலைக்கழகம். அதை வளர்த்த ஊட்டச்சத்து அறிஞர் ராஜம்மாள் தேவதாஸ் 1992-ல் பத்மஸ்ரீ பெற்றவர். சிறுதானிய ஆராய்ச்சியில் நீண்ட மரபுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இதே ஊரில்தான். இந்த அறிவு பீளமேட்டு விடுதிகளின் மெஸ் வரை வந்து சேர வேண்டும்.

என்ன செய்யலாம்

பெண்கள் தாமே செய்யக்கூடியவை சில. காலை உணவை விட வேண்டாம். இட்லியோடு ஒரு முட்டை, இல்லையென்றால் சுண்டல், பச்சைப்பயறு, ஒரு டம்ளர் பால் சேர்ந்தாலே அந்த நாளின் போக்கு மாறும். நான்கு மணிக்குப் பையில் வறுத்த கடலையோ பொட்டுக்கடலையோ ஒரு பழமோ இருக்கட்டும். டீயைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். மாதவிடாய்த் தேதியைக் குறித்து வைத்தால், எந்த நாள்களில் பசி கூடும் என்று முன்பே தெரியும்.

எந்த உணவையும் தீண்டத்தகாததாக ஆக்க வேண்டாம். தோழிகளோடு உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடும் ஒரு பப்ஸ் யாரையும் கெடுத்துவிடாது. அதிகம் சாப்பிட்டுவிட்ட மறுநாள் பட்டினி கிடக்கவே கூடாது. அடுத்த வேளையை வழக்கம்போல் சாப்பிடுவதே அந்தச் சுழலை உடைக்கும் வழி. சாப்பிடத் தோன்றும்போது கடைசியாக எப்போது சாப்பிட்டோம் என்று யோசித்துப் பார்க்கலாம். மணிக்கணக்கு ஆகியிருந்தால் அது பசிதான், சாப்பிட வேண்டும். சற்று முன்புதான் சாப்பிட்டோம் என்றால், இப்போது மனதில் இருப்பது கோபமா, தனிமையா, பயமா என்று பெயர் சொல்லிப் பார்க்கலாம். பெயர் தெரிந்தால் அதற்கேற்ற மருந்து தெரியும். தனிமைக்கு ஒரு தோழி, களைப்புக்குத் தூக்கம், சலிப்புக்கு ஒரு நடை.

சில அறிகுறிகளைத் தள்ளிப்போடக் கூடாது. கட்டுப்படுத்தவே முடியாமல் குறுகிய நேரத்தில் மிக அதிகமாகச் சாப்பிடுவது, வாரம் ஒருமுறையாவது என்று மூன்று மாதம் தொடர்ந்தால், அதை ஒரு நோயாகவே 2013 முதல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு வகைப்படுத்துகிறது. சாப்பிட்டதை வாந்தி எடுப்பது, நாள்கணக்கில் பட்டினி கிடப்பது, மறைத்துச் சாப்பிடுவது ஆகியவையும் மருத்துவரைப் பார்க்க வேண்டிய அறிகுறிகள். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு, குணமும் உண்டு. மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

பெண்ணின் கையில் இல்லாதவையும் உண்டு. மெஸ் ஏழரைக்கு மூடி வகுப்பு எட்டரைக்குத் தொடங்கினால், இரவெல்லாம் படித்தவள் காலையில் பட்டினிதான். விடுதி நிர்வாகங்கள் காலை உணவை அரை மணி நேரம் நீட்டிக்கலாம். மாலை ஐந்து மணிக்குச் சுண்டல் தரலாம். சாம்பாரில் பருப்பைக் கூட்டலாம். வாரம் மூன்று நாள் கீரை வைக்கலாம். மெஸ் கமிட்டியில் உள்ள மாணவிகள் அடுத்த கூட்டத்திலேயே இதைக் கேட்கட்டும். ஆலைகளும் அலுவலகங்களும் இரவுப் பணிப் பெண்களுக்கு பிஸ்கட்டுக்குப் பதில் உண்மையான உணவு தரட்டும்.

பெற்றோருக்கும் உறவினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விடுமுறைக்கு வரும் மகளின் உடம்பைப் பற்றி வாசலில் எதுவும் சொல்ல வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா, நன்றாகத் தூங்குகிறாளா, மனம் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். திரும்பிப் போகும்போது பையில் வறுத்த நிலக்கடலையும் எள்ளுருண்டையும் வைத்து அனுப்புங்கள். அவளுடைய உணவைத் திருத்த அறிவுரையைவிட அது கூடுதலாக உதவும்.